தைராய்டு என்றால் மட்டும் மன்னிப்பா?

வாசகர் கடிதம்:

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வயது 61. கரூர் பக்கம் ஒரு சிற்றூரில் இருக்கிறேன். என் ஒரே மகன் கோவையில் வேலை பார்க்கிறான். வயது 29. உடன் வேலை பார்க்கும் பெண்ணை விரும்புகிறான். படிப்பு, குடும்பம், குணம் எதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜாதகத்துக்காகவும் நான் மல்லுக்கு நிற்கிறவள் இல்லை. ஆனால் அந்தப் பெண் மிகவும் பருமனாக இருக்கிறாள். எப்படியும் எண்பத்தைந்து கிலோவுக்குக் குறையாது. மண்டபத்தில் இருவரும் மாலையோடு நிற்கும்போது உறவுக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் வருவதில்லை.

கைப்பேசியில் அவள் படத்தைக் காட்டியபோது என் முகம் மாறியதை மகன் பார்த்துவிட்டான். "உண்மையைச் சொல்லம்மா, அவளைப் பார்த்ததும் உனக்கு என்ன தோன்றியது?" என்று கேட்டான். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "சோம்பேறியாக இருப்பாள் என்று தோன்றியது" என்றேன். எழுந்து போனவன் பத்து நாளாகச் சரியாகப் பேசவில்லை.

2016இல் எனக்குச் சர்க்கரை நோய் வந்தது. அப்போது 71 கிலோ இருந்தேன். தினமும் காலை ஐந்தரை மணிக்கு நடந்தேன். இரவுச் சோற்றை விட்டேன். ஒன்பது மாதத்தில் பதினோரு கிலோ குறைந்தது. இன்றுவரை ஏறவிடவில்லை. ஐம்பதைத் தாண்டிய என்னால் முடிந்தது, இருபத்தேழு வயதுப் பெண்ணால் ஏன் முடியாது? அவளுக்குத் தைராய்டு மாதிரி ஏதாவது இருக்கிறது என்று தெரிந்தாலாவது என் மனம் ஆறும். "அதெல்லாம் ஒன்றுமில்லை, அவள் உடம்பு வாகே அப்படி" என்கிறான் மகன்.

எனக்கு யார் மீதும் வெறுப்பு கிடையாது. அவள் உடல்நலத்தைப் பற்றிய அக்கறைதான். நாளைக்குக் குழந்தை உண்டாவதில் சிக்கல் வந்தால் என்ன செய்வது? ஆனாலும் முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன என் வாயில் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பது பிடிபடவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறாள். நான் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கம். "அவளை எப்படி இளைக்க வைப்பது?" என்றுதான் எனக்கு வழக்கமாகக் கடிதம் வரும். நீங்கள் உங்கள் வாயில் வந்த சொல்லைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டைக் கடைசியில் வைத்துக்கொண்டு முதலில் அந்தச் சொல்லைத் தேடிப் போவோம்.

அதற்கு முன் ஒரு சின்னச் சண்டை. எண்பத்தைந்து கிலோவுக்குக் குறையாது என்று கைப்பேசிப் படத்தைப் பார்த்தே எடை போட்டிருக்கிறீர்கள். இருபத்தாறு வருடமாகச் சர்க்கரை நோய் மருத்துவம் பார்க்கிறேன், எடை எந்திரத்தின் பக்கத்திலேயே நிற்கிறேன், எனக்கே அந்தத் திறமை இன்னும் வரவில்லை.

உங்கள் கடிதத்தில் முடிச்சு விழுந்திருப்பது தைராய்டில். "தைராய்டு இருந்தாலாவது மனம் ஆறும்" என்கிறீர்கள். என் அறையில் மாதத்துக்கு நாலு தடவையாவது ஒரு காட்சி நடக்கும். பத்தொன்பது, இருபது வயதுப் பெண்ணை அம்மா அழைத்து வருவார். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ரத்தப் பரிசோதனை அறிக்கை. நான் தைராய்டின் வேலையைக் காட்டும் டி.எஸ்.ஹெச். அளவைப் பார்த்துவிட்டு, "தைராய்டு நன்றாக வேலை செய்கிறது" என்பேன். நோய் இல்லை என்று கேட்டால் முகம் மலர வேண்டுமல்லவா? அம்மாவின் முகம் வாடிப்போகும். "அப்படியென்றால் இது தின்று வந்த உடம்புதானா டாக்டர்?" என்பார். அந்தப் பெண் துப்பட்டாவின் நுனியைச் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்ப்பாள். ஒரு நோய் இருந்திருந்தால் அவளுக்கு அன்று விடுதலை கிடைத்திருக்கும். இல்லாமல் போனதால் குற்றவாளி ஆகிவிட்டாள்.

இது நம் ஊர் வழக்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 1980இல் வெளியான ஓர் ஆய்வில் பள்ளி மாணவிகளிடம் பருமனான ஒரு பெண்ணின் படத்தையும் அவளைப் பற்றிய குறிப்பையும் கொடுத்தார்கள். தைராய்டுக் கோளாறு என்று குறிப்பில் இருந்தால் அவளைப் பிடித்திருந்தது. காரணம் எதுவும் சொல்லப்படாவிட்டால் கட்டுப்பாடு இல்லாதவள், தன் ஆசைக்கு இடம் கொடுக்கிறவள் என்று எழுதினார்கள். அதே படம், அதே உடம்புதான். மாறியது "இது யார் குற்றம்?" என்ற கணக்கு ஒன்றே.

வேடிக்கை என்னவென்றால், தைராய்டுச் சுரப்புக் குறைவால் கூடுகிற எடை பெரும்பாலும் சில கிலோதான். அதிலும் பெரும்பங்கு உப்பும் நீரும். முப்பது கிலோவுக்கு அதைக் காரணம் காட்ட முடியாது. அதாவது அந்த மாணவிகள் ஒத்துக்கொண்ட மன்னிப்புக் கடிதத்தை மருத்துவம் ஒத்துக்கொள்ளாது.

பருமனானவர்கள் மீதான வெறுப்பை நெடுங்காலம் ஆராய்ந்த கிறிஸ்டியன் கிராண்டல் என்ற உளவியலாளர் வந்து சேர்ந்த இடமும் இதுதான். எடை அவரவர் கையில் இருக்கிறது என்று எவ்வளவு உறுதியாக நம்புகிறோமோ, அவ்வளவுக்கு அந்த வெறுப்பும் உறுதிப்படுகிறது. 1996இல் அவரும் இன்னொருவரும் அமெரிக்க மாணவர்களையும் மெக்சிகோ மாணவர்களையும் ஒப்பிட்டார்கள். மெக்சிகோவில் வெறுப்பு குறைவாக இருந்தது, எடைக்கு அவரவரே பொறுப்பு என்ற எண்ணத்தோடு அது அவ்வளவாகப் பின்னிப் பிணைந்திருக்கவும் இல்லை. உழைத்தால் உயரலாம், உயராதவன் உழைக்காதவன் என்று ஒரு சமூகம் நம்பத் தொடங்கினால், உடம்பும் அந்தக் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கமாகிவிடுகிறது. நாமும் இப்போது அந்த நம்பிக்கைக்குத்தான் குடிபெயர்ந்துகொண்டிருக்கிறோம் என்பது என் எண்ணம். தேர்வில் தோற்றால் படிக்காதவன், கடன் பட்டால் ஊதாரி, பருமன் என்றால் சோம்பேறி. மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிற வீடுகள் எனக்குத் தெரியும்.

சரி, எடை எவ்வளவு தூரம் நம் கையில் இருக்கிறது? டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரை வைத்து ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் குழுவினர் செய்த ஆய்வு 1986இல் வெளிவந்தது. வளர்ந்தபின் அவர்கள் உடல்வாகு, சோறு போட்டு வளர்த்தவர்களை ஒத்திருக்கவில்லை. பெற்றவர்களை ஒத்திருந்தது. உங்கள் மகன் "உடம்பு வாகே அப்படி" என்று சொன்னது சமாளிப்பு என்று உங்களுக்குப் பட்டிருக்கும். அறிவியலும் ஏறக்குறைய அந்தச் சொல்லைத்தான் சொல்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பருமனான 50 பேருக்குப் பத்து வாரம் கடும் பத்தியம் கொடுத்து சராசரியாகப் பதின்மூன்றரைக் கிலோ குறைத்தார்கள். 2011இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடியே இருந்தது. "போதும்" என்று மூளைக்குச் சொல்கிற லெப்டின் குறைந்தே இருந்தது. இழந்த எடையை மீட்டுத் தா என்று உடம்பு ஒரு வருடமாக வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது. அவர்கள் பசி கற்பனைப் பசி இல்லை.

இப்போது உங்கள் பதினோரு கிலோவுக்கு வருகிறேன். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 71இல் பதினொன்று என்றால் ஏழில் ஒரு பங்குக்கும் மேல். அதை இத்தனை வருடம் காப்பாற்றி வருகிறவர்களை என் நோயாளிகளில் விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் அந்த ஒன்பது மாதத்தில் உங்களுக்குத் துணை நின்றவற்றையும் எண்ணிப் பாருங்கள். சர்க்கரை நோய் என்ற பயம் துணை. சர்க்கரைக்கு அனேகமாக மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்திருப்பார்கள், அதுவும் எடையைச் சற்றுக் குறைக்க உதவும். காலை ஐந்தரை மணிக்கு ஒரு பெண் தனியாக நடக்கத் தோதான ஊர் உங்களுடையது. அந்தப் பெண் இதுவரை எத்தனை முறை பத்துக் கிலோ குறைத்தாள், எத்தனை முறை பன்னிரண்டு கிலோவாக அது திரும்பியது என்பது உங்களுக்குத் தெரியாது. என்னிடம் வருகிறவர்களில் சிலர் குறைத்த எடையை எல்லாம் கூட்டினால் ஒரு முழு ஆள் எடை வரும். அவர்களைத்தான் ஊர் சோம்பேறி என்கிறது.

கஷ்டத்தைத் தாண்டி வந்தவருக்கு அதே கஷ்டத்தில் இருப்பவர் மீது இரக்கம் கூடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2015இல் வெளியான ஓர் ஆய்வு அதைக் கலைத்துவிட்டது. அமெரிக்காவில் மிச்சிகன் ஏரி உறைகுளிரில் இருக்கும் மார்ச் மாதத்தில், அதில் குதித்து எழுவதை ஒரு விழாவாகவே நடத்துகிறார்கள். குதிக்க வந்தவர்களிடம் ஒரு கதையைக் கொடுத்தார்கள். குதிப்பதாகச் சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் பின்வாங்கிய ஒருவனின் கதை. இன்னும் குதிக்காமல் வரிசையில் நின்றவர்கள் அவனிடம் இரக்கம் காட்டினார்கள். குதித்துவிட்டு ஈரத்தோடு வந்தவர்கள்தான் அவனை இளக்காரமாகப் பார்த்தார்கள். "நான் செய்தேனே!" என்பது அந்த ஈரத்தின் குரல். எவ்வளவு குளிர்ந்தது என்பது கரையேறியதும் மறந்துபோகிறது. டீச்சர், இரவுச் சோற்றை விட்ட முதல் மாதம் எப்படி இருந்தது என்று ஒரு நாள் உட்கார்ந்து நினைத்துப் பாருங்கள்.

இவையெல்லாம் நம்பிக்கை சார்ந்தவை. சொல் மட்டும் அதற்கும் முன்பே நம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. பூசணிக்காய், சோற்றுமூட்டை, தடிமாடு என்று திட்டுவதற்கு நம் மொழியில் பஞ்சமே இல்லை. செல்லமாகக் கூப்பிட்டாலும் "குண்டு". உங்கள் முப்பத்து மூன்று வருடத்தில் "குண்டு" என்ற அடைமொழியோடு ஒரு பிள்ளை இல்லாத வகுப்பு இருந்திருக்குமா? ஆண்டு விழா நாடகத்தில் அந்தப் பிள்ளைக்கு என்ன வேடம் கொடுத்தோம்? கும்பகர்ணன், அல்லது குண்டோதரன். படுத்துத் தூங்க ஒருவன், தின்று தீர்க்க ஒருவன். கைதட்டலும் கிடைத்தது. பார்த்துக்கொண்டிருந்த மற்ற நாற்பது பிள்ளைகளும் அன்று ஒரு பாடம் படித்தார்கள்.

குண்டோதரன் பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். மீனாட்சி கல்யாணத்தில் மிஞ்சிய மலை மலையான சோற்றைத் தின்று, தாகம் தீர வைகையையே வரவழைத்தவன் என்று சொல்லிச் சிரிக்கிறோம். அந்தப் பசியை அவன் வயிற்றில் ஏவியதே சிவபெருமான்தான் என்றும் அதே கதை சொல்கிறது. அந்த வரியை மேடையில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

குழந்தைகள் எவ்வளவு சீக்கிரம் இதைக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதற்கு 1961இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று பேர்போனது. பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகளிடம் ஆறு படங்களைக் கொடுத்துப் பிடித்த வரிசையில் அடுக்கச் சொன்னார்கள். ஊன்றுகோலோடு ஒரு குழந்தை, சக்கர நாற்காலியில் ஒன்று, ஒரு கை இல்லாத ஒன்று, முகத்தில் விகாரம் உள்ள ஒன்று, எந்தக் குறையும் இல்லாத ஒன்று, பருமனான ஒன்று. பருமனான குழந்தைதான் கடைசிக்குப் போனது. நாற்பது வருடம் கழித்து லாட்னரும் ஸ்டங்கார்டும் அதையே திரும்பச் செய்து 2003இல் வெளியிட்டார்கள். அந்தக் குழந்தை இன்னும் கடைசியில்தான் இருந்தது, இடைவெளி மட்டும் முன்னைவிடக் கூடியிருந்தது.

அப்படியென்றால் இது மனிதப் பிறவிக் குணமா? இல்லை என்பதற்கு ஃபிஜித் தீவு சாட்சி. வாட்டசாட்டமான உடம்பைப் பெருமையாகப் பார்த்த மக்கள் அவர்கள். விருந்தாளி இளைத்துப் போனால் வீட்டுக்காரருக்கு அவமானம். 1995இல் நத்ரோகா என்ற பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. 1998இல் ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் பள்ளி மாணவிகளிடம் கேட்டபோது 74 சதவீதம் பேர் தாங்கள் குண்டாக இருப்பதாக உணர்ந்தது உண்டு என்றார்கள். மூன்றே வருடம்! நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். "பூசினாற்போல் இருக்கிறாள்" என்பது உங்கள் பாட்டி காலத்தில் பெண்ணுக்குக் கிடைத்த பாராட்டு. ஒல்லியாக வந்த மருமகளைப் பார்த்து "வீட்டில் சோறு போடவில்லையா?" என்று கேட்ட மாமியார்கள் இருந்தார்கள். பஞ்சம் தெரிந்த ஊரில் சதை என்றால் வசதி. அரிசியும் எண்ணெயும் எல்லாருக்கும் கிட்டியபின் வசதியின் அடையாளம் இடம் மாறிவிட்டது. உடற்பயிற்சிக் கூடத்துக்குக் கட்ட காசும், போய்வர நேரமும் இருக்கிறவர் இப்போது மெலிந்தவர்.

"உண்டி சுருங்குதல் பெண்டிர்க்கு அழகு" என்பதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டிருப்பீர்கள், நானும் படித்து மதிப்பெண் வாங்கினேன். ஆணுக்கு அப்படி ஓர் அழகு சொல்லப்படவில்லை. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், உங்கள் மகனின் எடை எங்கும் இல்லை. இடுப்புச் சுற்றளவு என்ன? நம் நாட்டு ஆணுக்கு 90 சென்டிமீட்டரைத் தாண்டினால் நான் கவலைப்படத் தொடங்குவேன். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஆபத்துக் கணக்குப் போடத் தொடங்கினால் மாப்பிள்ளை வீட்டிலும் எழுத இரண்டு பக்கம் இருக்கிறது. பெண் வீட்டார் அதைக் கேட்க மாட்டார்கள், கேட்கிற வழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

உடல்நலத்தைப் பற்றிய அக்கறை என்று எழுதியிருக்கிறீர்கள். பொய் என்று சொல்லவில்லை. மிகுந்த பருமனால் சர்க்கரை, மூட்டுத் தேய்வு, தூக்கத்தில் மூச்சுத் தடை, கர்ப்பகாலச் சிக்கல் எல்லாம் கூடும். மழுப்ப மாட்டேன். அதே எடையில் பிள்ளை பெற்று நலமாக இருப்பவர்களும் என்னிடம் நிறையப் பேர். அது அந்தப் பெண்ணும் அவள் மருத்துவரும் பேச வேண்டிய பேச்சு. எனக்கு இடிப்பது வேறொன்று. அக்கறை முதலில் வந்திருந்தால் "இவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ?" என்ற பயமல்லவா முதலில் வாயில் வந்திருக்கும்? உங்களுக்கு வந்தது "சோம்பேறி". அது உடம்பைப் பற்றிய சொல்லே இல்லை. ஒழுக்கத்தைப் பற்றியது. முதலில் தீர்ப்பு வந்திருக்கிறது, அக்கறை அதற்குப் பிறகு துணைக்கு வந்திருக்கிறது.

மெலிவு என்றால் நலம் என்ற கணக்கும் நம் ஊரில் செல்லாது. புணேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக், லண்டன் மருத்துவர் யுட்கின் இருவரும் தங்கள் படத்தையே 2004இல் ஒரு மருத்துவ இதழில் போட்டார்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் நிறைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே: 22.3. உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. நீங்கள் ஒல்லியான பெண்ணாகத் தேர்ந்தெடுத்திருந்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்பது படத்தில் தெரியாது.

சொல்லிச் சொல்லித் திருத்தலாம் என்பதும் நடப்பதில்லை. அமெரிக்காவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 2006 முதல் 2010 வரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். எடைக்காக இழிவாக நடத்தப்பட்டதாகச் சொன்னவர்கள் பின்னாளில் பருமன் ஆகும் வாய்ப்பு மற்றவர்களைப் போல இரண்டரை மடங்கு இருந்தது. அவமானத்தை விழுங்குகிறவர்கள் கூடவே வேறு எதையாவதும் விழுங்குகிறார்கள். நடைப்பயிற்சிக்கு வெளியே வரவும் கூசுகிறார்கள்.

மண்டபத்துப் பேச்சைப் பற்றி. அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. வேலைக்கு விண்ணப்பித்த ஓர் ஆணின் அருகில் ஒரு பருமனான பெண் உட்கார்ந்திருந்தால், அந்த ஆணின் மதிப்பே பார்த்தவர்கள் கண்ணில் இறங்கியது. பக்கத்தில் உட்கார்ந்ததுதான் உறவு. 2003இல் வந்தது அது. உங்கள் மனம் இந்தக் கணக்கை ஆய்வு இல்லாமலே போட்டிருக்கிறது: அவள் உடம்பு என் மகனின் மதிப்பைக் குறைத்துவிடும், அவன் வழியாக என்னுடையதையும். இத்தனைக்கும் அந்த மண்டபத்தில் வந்து உட்காரப் போகிறவர்கள் யார்? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 37 சதவீதம் பேருக்கும் எடை அதிகம். பேசுகிற வாயில் ஐந்துக்கு இரண்டு அந்தப் பெண்ணின் வரிசைதான். தங்களைப் போன்றவர்களையே வெறுக்கக் கற்றவர்கள் என்பதுதான் இதில் விசேஷமான சோகம்.

இவ்வளவும் சொல்ல நான் யோக்கியமா என்று கேட்டால், இல்லை. 2001இல் கனடாவின் கியூபெக் நகரில் நடந்த உடல் பருமன் மாநாட்டுக்கு வந்த 389 மருத்துவர்களையும் ஆய்வாளர்களையும் உடனுக்குடன் பதில் சொல்ல வைக்கும் ஒரு சோதனைக்கு உட்படுத்தினார்கள். பருமனைக் குணப்படுத்துவதையே தொழிலாகக் கொண்டவர்கள் மனதிலும் பருமன் என்றதும் சோம்பேறி, முட்டாள் என்ற சொற்கள்தான் விரைந்து ஒட்டிக்கொண்டன. உங்களுக்கு வந்த அதே சொல்.

என் கதை இன்னும் மோசம். பல வருடம் முன்பு நாற்பத்திரண்டு வயதுப் பெண் ஒருவர் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வந்தார். எடை 104 கிலோ. "எடையைக் குறையுங்கள், எல்லாம் சரியாகும்" என்று ஓர் உணவுப் பட்டியலைக் கொடுத்து அனுப்பினேன். நாலு மாதம் கழித்து வேறொரு மருத்துவர் அவருக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார். ஹீமோகுளோபின் 6.1, கடும் ரத்தசோகை. கருப்பைக் கட்டியால் மாதாமாதம் ரத்தம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. நான் மாதவிடாயைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஒல்லியாக வந்திருந்தால் கேட்டிருப்பேன். அவர் கோபப்படவில்லை. "எங்கே போனாலும் அதையேதான் சொல்வார்கள் டாக்டர், எனக்குப் பழகிவிட்டது" என்றார்.

அதற்குப் பிறகுதான் என் கிளினிக்கை அவர் கண்ணால் பார்த்தேன். எடை எந்திரம் நடைபாதையில், எல்லாரும் பார்க்க நின்றது. உள்ளே கொண்டுபோனேன். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை ஒரே அளவில் இருந்தது, பெரிய கையில் அதை இறுக்கிச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும் என்று தெரிந்தும் அதிலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன். காத்திருக்கும் இடத்தில் இருபக்கமும் கைப்பிடி வைத்த நாற்காலிகள். அந்த அம்மாள் வந்தபோதெல்லாம் ஏன் நின்றுகொண்டே இருந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

அதற்கு முன் மகனிடம் பேசிவிடுங்கள். "நான் தப்பாகச் சொல்லிவிட்டேன்" என்பதோடு நிறுத்தாமல், அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டிருப்பதாக எனக்கு எழுதியதை அவனிடமும் சொல்லுங்கள். அவன் கோபம் நீங்கள் நினைத்ததற்கு இல்லை, அதை அக்கறை என்று பெயர் மாற்றியதற்கு என்பது என் ஊகம். அந்தப் பெண்ணிடம் நீங்களாக இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம். அவன் அவளிடம் சொன்னானா இல்லையா என்று நமக்குத் தெரியாது. உங்கள் மனசாட்சியை ஆற்றுவதற்காக முதல் நாளே அவளைப் புண்படுத்த வேண்டாம்.

பரிமாறும்போது கவனம். "நன்றாகச் சாப்பிடு" என்றாலும் அவளுக்கு ஒரு பொருள் கேட்கும், "கொஞ்சமாக வைக்கட்டுமா?" என்றாலும் ஒரு பொருள் கேட்கும். மகனுக்கு எப்படி வைப்பீர்களோ அப்படியே வையுங்கள், அவன் தட்டைப் பார்க்கிற அளவுக்கு மேல் அவள் தட்டைப் பார்க்காதீர்கள். பாயசம் செய்தால் எல்லாருக்கும் செய்யுங்கள். உங்கள் பதினோரு கிலோக் கதை நல்ல கதை, அதை ஆறு மாதத்துக்கு மூட்டை கட்டி வையுங்கள். அவளாகக் கேட்டால் ஐந்தரை மணி நடையைப் பற்றிச் சொல்லலாம். அவள் வேலையைப் பற்றிக் கேளுங்கள், ஊரைப் பற்றிக் கேளுங்கள், மகனிடம் அவளுக்குப் பிடிக்காதது என்ன என்று கேளுங்கள். சிரிப்பு வரும்.

"சோம்பேறி" என்பது மறுபடியும் தோன்றும். இத்தனை வருடப் பழக்கம் ஒரு கடிதத்தில் போகாது. எனக்கே இன்னும் தோன்றுகிறது, ரத்தம் எடுக்கச் சீட்டு எழுதும்போது அந்த அம்மாளை நினைத்துக்கொள்கிறேன். கியூபெக் சோதனையில் பருமனான நண்பர்கள் உள்ளவர்களிடமும், பருமனான நோயாளிகளோடு நேராகப் பழகி வேலை செய்தவர்களிடமும் அந்த ஒட்டுதல் குறைவாக இருந்தது. ஆகவே அவள் அடிக்கடி வரட்டும்.

உறவுக்காரர்களில் யாராவது ஒருவர் முதல் கிண்டலை எடுத்துவிடுவார். அனேகமாக ஒரு சித்தப்பா. அப்போது நீங்கள் சிரிக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. முப்பத்து மூன்று வருடம் வகுப்பை ஒரே பார்வையில் அடக்கியவர்தானே, அந்தப் பார்வையை மண்டபத்துக்கும் எடுத்துக்கொண்டு போங்கள்.

இன்னொன்று. கூடத்தில் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். சனிக்கிழமையே அவற்றை எடுத்துவிட்டுக் கட்டிலையோ பெஞ்சையோ கைப்பிடி இல்லாத நாற்காலிகளையோ போடுங்கள். அவளுக்கு மட்டும் தனியாக ஒன்று வேண்டாம். உங்கள் மகன், நீங்கள், வந்தால் அந்தச் சித்தப்பா, எல்லாருக்கும் அதே.

அன்புடன்,
உங்கள் டாக்டர்